அவள் கீறிய கோடு

கனடாவிலிருந்து வந்த மகன் தன் பிள்ளைகளுக்கென்று ஒரு கேம் பெட்டியும், அதோடு தலையில் மாட்டுகிற வி.ஆர். கண்ணாடியும் கொண்டுவந்திருந்தான். திரும்பும்போது பாரம் கூடிவிட்டதென்று மானிப்பாயில் எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனான். நான் தொடவில்லை. மனைவி பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். அறுபது வயதுக்கு மேல் வீட்டு முன் ஹோலின் நடுவில் நின்று, இல்லாத மேசையில் இல்லாத பந்தை அடித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "அண்ணை, அக்கா ஆரோடை சண்டை?"

"உன்னோடை இல்லையெண்டு சந்தோசப்படு" என்று உள்ளேயிருந்து அவளே சொல்வாள்.

ஆடுவதற்கு முன் எல்லை கீறவேண்டும். கண்ணாடிக்குள் வீடு கறுப்பு வெள்ளையாகத் தெரியும். மேசை, அலுமாரி என்று தளபாடங்களை விலக்கித் தரையில் கோடு இழுத்தால் பெட்டி அதை நினைவில் வைத்திருக்கும். கிட்டப் போனால் கோடு ஒளிர்ந்து மறிக்கும். வெளியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கேயே சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசிப்பேன்.

"இஞ்சருங்கோ, கோட்டுக்குள்ளை காலை நீட்டாதேங்கோ."

"கோடு எங்கை? எனக்கொண்டும் தெரியேல்லை."

"உங்களுக்கு நாப்பது வருசமா ஒண்டும் தெரியேல்லைத்தானே."

மாசியில் ஒரு காலை நெஞ்சு நோகுது என்றாள். மத்தியானம் அவள் இல்லை.

தளபாடங்களை முற்றத்துக்குத் தூக்கிவிட்டு, அவள் பந்தடித்த இடத்திலேயே அவளைக் கிடத்தினோம். வந்தவர்கள், "கிடந்து உத்தரிக்காமல் போயிட்டா, குடுத்துவைச்சவ" என்றார்கள். சனங்களின் சொல்லைப் பொறுக்கிச் சேர்த்து வைக்கிறவன் நான். அந்தச் சொல்லை மட்டும் வைக்க என்னிடம் இடமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒருநாள், அவள் கீறியதையாவது பார்ப்போமென்று முதன்முதலாகக் கண்ணாடியை மாட்டினேன். இடம் தெரியவில்லையென்று பெட்டி புதிதாகக் கீறச் சொன்னது. மகனுக்கு அழைத்தேன்.

"கீறுங்கோ அப்பா, ஒரு நிமிச வேலை."

"கீறினால் அம்மான்ரை கோடு?"

"அழிஞ்சிடும். அப்ப கீறாதேங்கோ. சாமான்களை முந்தி இருந்த மாதிரியே வைச்சுப் பாருங்கோ. சிலவேளை அடையாளம் பிடிக்கும்."

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் இரண்டு நாள் மினக்கெட்டோம். தரையில் தடம் பார்த்து அலுமாரியை நகர்த்தினோம், மேசையைத் திருப்பினோம். "அக்கா இருந்திருந்தா எங்களைக் கலைச்சுப்போட்டுத் தானே தூக்கி வைச்சிருப்பா" என்றார் அவர். பெட்டி மசியவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட அவள் படத்தைக் கழற்றி, முந்தி அங்கே கிடந்த கலண்டரைத் தொங்கவிட்டேன்.

திரும்ப மாட்டினேன். கேள்வி ஒன்றும் வரவில்லை. என் கதிரைப் பக்கம் மெல்ல நடந்தேன், கோடு ஒளிர்ந்தது. மேசையையும் அலுமாரியையும் ஒட்டி ஓடிவந்த கோடு, கதிரைக்கு முன்னால் மட்டும் நன்றாக விலகி வளைந்திருந்தது. கதிரைக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.

கண்ணாடியைக் கழற்றாமலே கதிரையைத் தடவிப் பிடித்து அதில் இருந்தேன். இரண்டு காலையும் நீட்டினேன். கோட்டில் படவில்லை.