அக்னஸின் டிஸ்சார்ஜ் மேசை

தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பிரிவில் அக்னஸுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வார்டு, லேப், பார்மசி என்று சுற்றிவரும் ஒவ்வொரு ஃபைலிலும் கடைசிக் கையெழுத்து அவளுடையது. அதைப் போட்டால்தான் நோயாளி வீட்டுக்குப் போகலாம். அவளுடைய உத்தியோகம், கௌரவம் எல்லாமே அந்தக் கையெழுத்துதான்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது நிர்வாகம் அவளைப் புதுமைக் குழுவுக்குத் தலைவியாக்கியது. டாக்டர் போகச் சொன்ன பிறகும் நோயாளிகள் ஐந்து மணி நேரம் காத்துக் கிடக்கிறார்களாம்; குழு வழி கண்டுபிடிக்க வேண்டுமாம். இதற்கு முன்னால் தரக் குழு, அதற்கும் முன்னால் மாற்றக் குழு. பெயரைத் தவிர என்ன மாறியது? அக்னஸுக்கு அலுத்துவிட்டது.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூட்டம். மூத்தவள் என்பதால் முதலில் அவள்தான் பேசுவாள். மற்ற நாலு பேரும் "மேடம் சொன்னா சரிதாங்க" என்று பூம்பூம் மாடு போலத் தலையாட்டி, வடையைத் தின்றுவிட்டுப் போவார்கள். இந்த லட்சணத்தில் புதுமை எங்கிருந்து வரும்?

ஐந்தாவது வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னிக்கு நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள். நாலு பேரும் வடைத் தட்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் வார்டு நர்ஸ் தஸ்லிமா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஃபைல் எல்லாம் ஒரு மணிக்கே உங்க டேபிளுக்கு வந்துடுது. நாங்க மூணு தடவை சரிபார்த்ததையே நீங்க திரும்ப வரி வரியா படிக்கிறீங்க. புதன்கிழமைன்னா இன்னும் மோசம். நீங்க இங்க உக்காந்திருக்கீங்க."

அக்னஸுக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு எழுந்து தன் இடத்துக்குப் போனாள். மேசைமேல் பதினோரு ஃபைல்கள். வெளியே பெஞ்சில் காத்தமுத்து என்ற பெரியவர், மதியமே வேட்டி மாற்றிக்கொண்டு பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போடுற அம்மா ஏதோ மீட்டிங்ல இருக்காங்களாம்" என்று அவளிடமே சொன்னார்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நின்றபடியே பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு குழுவின் அறிக்கையில் ஒரே ஒரு யோசனை எழுதினாள்: டிஸ்சார்ஜ் மேசையின் கையெழுத்து இனி வேண்டாம்.

நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. அதுதான் அவளுக்கு வலித்தது; ஒரு பேச்சுக்காவது யாராவது மறுத்திருக்கலாம். அடுத்த மாதம் நோயாளிகள் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போனார்கள். குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். போட்டோவில் அவள்தான் நடுவில் நின்றாள்.

வழக்கமாக வீடு திரும்ப ஏழு மணியாகிவிடும். அன்று நாலரைக்கே கிளம்பிவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. காட்டூர் வீட்டில் கதவைத் திறந்த கணவர் கிளமென்ட் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அக்னஸ், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. அங்க என்னை யாரும் தேடல."