ஒடுக்கத்துப் புதனன்று கடலுக்குப் போனது

என் தம்பி நாவிதன்வெளி வயல்களில் வெட்டு மெசின் ஓட்டினான். நெல் முற்றிவிட்டால் மெசின்காரனுக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. நித்திரை வராமலிருக்க யாரோ ஐஸ் போதையைப் பழக்கிவிட்டார்கள். அவனுக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கண்ணை மூடினால்தானே உம்மா வருவா. சுனாமியில் உம்மா போனபோது பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டுந்தான், சின்னப் பிள்ளை. நான் அன்று சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் இருந்தேன். என்ன நடந்ததென்று, வளர்ந்து, கலியாணம் முடித்து, பெண் வீட்டோடு போன பிறகும் அவன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அறுவடை முடிந்தும் ஐஸ் முடியவில்லை. கூரைக்கு மேல் ஆட்கள் கதைக்கிறார்கள் என்றான். சோற்றைத் தள்ளிவைத்தான். பிறகு ஒருநாள் உடுத்துகிற சாரங்களைக் கிழித்துக் கதவிடுக்குகளில் திணிக்கத் தொடங்கினான். "தண்ணி வருது," என்றான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்று அவன் மனைவி அழுதாள். அவளுடைய உம்மா, எங்களுக்கெல்லாம் மாமி, ஒத்துக்கொள்ளவில்லை. மகளைப் பைத்தியக்காரன் பெண்சாதி என்று ஊர் சொல்லிவிடுமாம்.

"இது சபர் மாச முசீபத்து. ஒடுக்கத்துப் புதனுக்குக் கடல்ல முழுகினாப் போயிரும்," என்றா.

பிறைக் கணக்கில் வரும் சபர் மாதத்தின் கடைசிப் புதன் அது. மாவிலையில் எழுதிய ஓதலைக் கழுவிக் குடித்து, கடலில் தலை முழுகினால் பீடை கழியும் என்பது பழைய வழக்கம். அப்படியொன்று மார்க்கத்தில் இல்லை என்று மௌலவிமார் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். மாமி எந்தப் பள்ளிவாசல் பயானுக்கும் அசையாத ஆள். கடலுக்குப் பயந்து கதவை அடைக்கிறவனைக் கடலிலேயே முக்குவதா என்று கேட்டேன். "நீ கதைக்காம வா புள்ள," என்றா. வீடு அவருடையது, மருமகனும் அவருடையவன். போனோம்.

கடல் அன்று கிணறு மாதிரி அமைதியாகக் கிடந்தது. நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டு முழுகினார்கள். தம்பி மணலில் நின்றுவிட்டான். அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, "வா தம்பி, ஒண்டுமில்ல," என்று கையை நீட்டினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வானத்தின் பாதியளவு உயரத்தில் எதையோ பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. திரும்பி ரோட்டுக்கு ஓடப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவன் கடலுக்குள் ஓடி வந்தான். என்னைத் தூக்கித் தோளில் போட்டான். நான் பிள்ளைகள் பெற்றுப் பெருத்த உடம்புக்காரி. என் புருசனே பகிடிக்குக்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை. சோறு தின்னாமல் எலும்பாய்ப் போயிருந்தவன் என்னைச் சுமந்துகொண்டு மணலைக் கடந்து, ரோட்டைக் கடந்து ஓடினான். ஒரு மதிலின் மேல் ஏற்றி உட்காரவைத்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"உம்மா, கைய விடாதீங்க. இந்த முறை விடாதீங்க உம்மா."

சுனாமியன்று என்ன நடந்ததென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் உம்மாவின் கை அவன் பிடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. அலை வருவதை அவன் சந்தேகமில்லாமல் கண்டான். கண்டும் அதற்குள் ஓடி வந்தான். சுப்ஹானல்லாஹ், இது என்ன மனம். அறிவு முழுக்கக் கலங்கிக் கிடக்கையில் அன்பு மட்டும் வழி தவறவில்லை. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கிறது.

மாமி தானே ஆட்டோவை மறித்து, "ஆஸ்பத்திரிக்கு விடுங்க தம்பி," என்றா.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஐஸ் பாவிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை; பெரிய பயத்தைச் சுமப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். மருந்தை விடக்கூடாது, ஐஸைத் திரும்பத் தொட்டால் இதுவும் திரும்பி வரலாம் என்றார்.

வார்டில் அவன் தூங்கினான். பல நாள் தூங்கினான். ஒரு பின்னேரம் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கையில் கண் விழித்து, என்னை நேராகப் பார்த்தான்.

"ராத்தா, அண்டைக்கு நான் உம்மாவக் கரைக்குக் கொண்டு வந்திட்டனா?"

ஓம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவனிடம் பொய் சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இல்ல தம்பி. அது நான்."

அவன் என் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப உங்களக் கொண்டு வந்திட்டன்."

"ஓம்," என்றேன். "என்னக் கொண்டு வந்திட்டாய்."