இடது தோளுக்கு ஒரு முடிச்சு

என் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை குட்டை. ஐந்து வயதில், கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் மேல் ஏறிக் குதித்துக் காறையெலும்பை முறித்துக்கொண்டேன். கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. நானும் அப்படித்தான், ஒரு தடவை கோணிவிட்டால் நிமிர மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். தோள் விஷயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. என் வாப்பாவுக்குத் தெரியும். அவர் தையல்காரர்.

பாம்பனில் ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யுத்த காலத்தில் மண்டபத்துப் பட்டாளத்துக்காரர்களுக்குக் கோட்டும் கால்சட்டையும் தைத்துப் பழகிய கை அது. யுத்தம் முடிந்து பட்டாளம் போன பிறகு எங்கள் பக்கம் கோட்டுக்கு ஏது ஆள்? "இங்கன எவன் கோட்டுப் போடுறான்? கடல்ல கெடக்குற மீனா போடும்?" என்று உம்மா கேலி செய்வாள். வாப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. கொழும்பில் கோட்டு வெட்டத் தெரிந்தவனுக்கு நல்ல கிராக்கி என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். வாப்பா அன்றைக்கே மனசால் கப்பல் ஏறிவிட்டார் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொழும்புக்குப் போவது பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. சுதந்திரம் வந்த பிறகு பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு என்று ஆயிரத்தெட்டுக் காகிதம் கேட்டார்கள். பெர்மிட்டோடு அங்கே இருக்கிறவன் பாதியில் கிளம்பி வந்தால் திரும்பிப் போவது நிச்சயமில்லை. அதனால் போனவர்கள் நல்லது கெட்டது எதற்கும் வருவதில்லை. வாப்பா மண்டபம் கேம்பில் ஊசி போட்டுக்கொண்டு சில நாள் அடைபட்டுக் கிடந்துவிட்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். அப்போது எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு ஆறு.

போவதற்கு முந்தின வாரம் உம்மாவை உட்காரவைத்து அளவெடுக்கக் கற்றுக்கொடுத்தார். உம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியாது, டேப்பு வைத்துப் பயனில்லை. அதனால் நூல். ஒரு பிள்ளைக்கு ஒரு முறுக்கு நூல். கழுத்துக்கு ஒரு முடிச்சு, வலது தோளுக்கு ஒன்று, இடது தோளுக்கு ஒன்று, பிறகு மார்பு, இடுப்பு, உயரம்.

"ரெண்டு தோளையும் எதுக்குங்க தனித்தனியா அளக்கணும்? ஒண்ணு அளந்தா போதாதா?" என்றாள் உம்மா.

"போதாது. மூத்தவளுக்கு இடது தோளு குட்டை. ஒண்ணா வச்சு வெட்டுனா கவுனு ஒரு பக்கம் தொங்கும். எந்த அளவ விட்டாலும் விடு, தோள விட்டுராத."

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. கவுனின் கீழ் ஓரத்தை ஏன் உள்ளே இவ்வளவு மடித்துத் தைக்கிறீர்கள், துணி வீண்தானே என்று கேட்டுவிட்டேன். "போடி கிறுக்கி. வளர்ற புள்ளைக்கு மடிப்பு விடாம தச்சா அது ஒரு தையலா?" என்றார். நான்கு விரல் அகலத்துக்கு மடிப்பு விடுவார். ஆறு மாதம் போனதும் உம்மா அதைப் பிரித்து இறக்கிவிடுவாள்.

முதல் வருஷம், நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி வரும் ரஜபு மாதத்தில் இரண்டு நூல்களையும் அட்டையில் சுற்றிக் கவரில் வைத்து அனுப்பினோம். கடிதம் எழுதுவது நான். நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால், கொழும்பிலிருந்து வந்த ஊர்க்காரர் கையில் இரண்டு கவுன் வந்தது. சுங்கத்தில் புதுத்துணி என்று பிடித்துக்கொள்வார்கள் என்பதற்காக வாப்பா ஒரு தடவை நனைத்துக் கசக்கி அனுப்பியிருந்தார். பழசை அனுப்பிவிட்டார் என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தங்கச்சி அதையெல்லாம் பார்க்கவில்லை. போட்ட கவுனைக் கழற்றவே மாட்டேன் என்று மூன்று நாள் அதோடேயே திரிந்தாள்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் போய்விட்டாள். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத எனக்கு இன்றைக்கும் முடியாது. அடக்கம் செய்யச் சுற்றுகிற கபன் துணி என்பது தைக்காத வெள்ளைத் துணி. வாப்பா கை படாத துணியை அவள் உடுத்தியது அன்று ஒரு நாள்தான்.

மூன்றாம் நாள், உம்மாவுக்கு அண்ணனான என் மாமா வந்து உட்கார்ந்தார். "இந்தா பாரு, மௌத்துச் செய்திய கடுதாசியில எழுதப்படாது. கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவருக்குக் கையப் புடிச்சுத்தான் சொல்லணும், காலங்காலமா நம்ம பக்கத்துல அதான் வழக்கம். எழுதுனா கத்திரியப் போட்டுட்டுக் கப்பலேறிருவாரு. பெர்மிட்டும் போயிரும். வந்தாலும் புள்ள முகத்தப் பாக்கப் போறாரா? அவரா வரட்டும், நான் சொல்றேன்" என்றார். உம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ரஜபில் வாப்பா வழக்கம்போல நூல் கேட்டு எழுதினார். உம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி அளந்தாள். கழுத்து, வலது தோள், இடது தோள், மார்பு, இடுப்பு, உயரம். பிறகு இன்னொரு நூலை எடுத்து மறுபடியும் என்னையே அளந்தாள். ஒவ்வொரு முடிச்சிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே போனாள். நான் அசையாமல் நின்றேன். அவள் விரல் என் மேல் பட்ட இடமெல்லாம் எனக்குக் கூசியது.

"எழுதுடி. தங்கச்சியும் நலம்னு எழுது."

"நான் எழுத மாட்டேன்."

"எழுதுடி, எங்கம்மால்ல."

எழுதினேன். நான்கு வருஷம் எழுதினேன். என் கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே போனது, அதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வரும். ஊரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டது. கொழும்பில் வாப்பாவின் கடைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்த எங்கள் ஊர் ஆண்கள் எத்தனை பேர்! ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் இரண்டு கவுன் வந்தது. பெரியதை நான் போட்டுக்கொள்வேன். சின்னதை உம்மா பிரித்துக்கூடப் பார்க்காமல் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்று ஒரு தடவை சொல்லி, கன்னத்தில் வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பதின்மூன்று நடக்கும்போது வாப்பாவின் பெர்மிட்டை அங்கே புதுப்பித்துத் தரவில்லை. வருகிறேன் என்று கடிதம் வந்த நாளிலிருந்து உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் அப்போது வயதுக்கு வந்து வீட்டோடு இருந்தேன், ரயிலடிக்கு மாமாதான் போனார். வழியிலேயே கையைப் பிடித்துச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் வாப்பா முன்னால் வர, மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி பின்னால் வந்தார். சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பேச்சு, ரயிலடியிலிருந்து வீடு வரைக்கும் வாயில் வரவில்லை, பாவம்.

வாப்பா பாயில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, என் இடது தோளில் கை வைத்து விரலால் அளந்து பார்த்தார். சின்னவள் எங்கே என்று கேட்கவில்லை.

"மச்சான், ஒரு விசயம்" என்று மாமா ஆரம்பித்தார்.

"தெரியும் மச்சான்."

உம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பாவி சொன்னான்?"

"யாரும் சொல்லல. நீதான் சொன்ன" என்றார் வாப்பா. குரலில் கோபமே இல்லை. "ரெண்டு நூலு வந்துச்சு. ரெண்டுலயும் இடது தோளு குட்டை. சின்னவளுக்கு ரெண்டு தோளும் ஒண்ணுதானே? எல்லா முடிச்சையும் குறைச்ச, நான் சொல்லிக்குடுத்தத மட்டும் விடாம செஞ்சிருக்க. ஏனோதானோன்னு அளந்து அனுப்பியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த ஒப்பாரி அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். நான் எழுதிய பொய்யையெல்லாம் பொய்யென்று தெரிந்துகொண்டே படித்திருக்கிறார்!

"அப்ப ஏன் வாப்பா ரெண்டா தச்சு அனுப்புனீங்க?" என்று கத்தினேன்.

அவர் தன் கையைப் பார்த்தபடியே சொன்னார். "நிறுத்துனா உங்க உம்மா எழுதிருவா. எழுதிட்டா அப்புறம் நெசந்தானம்மா? எழுதாதவரைக்கும், ஏதோ நூலு மாறிப்போச்சுன்னு ஓட்டிரலாம். ஒவ்வொரு வருசமும் கவர ஒடைக்கையில, இந்த வாட்டி சரியா இருக்கும், இந்த வாட்டி ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கும்னுதான் ஒடைப்பேன்."

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, மாமாவோடு, சின்னவளை அடக்கியிருந்த மையவாடிக்குப் போனார். உம்மா சுருண்டு படுத்துவிட்டாள். அவள் இடுப்பிலிருந்த சாவியை நான் எடுத்துத் தகரப்பெட்டியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று கேட்டால் அப்போது எனக்குத் தெரியாது. நூல் மாறியிருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டதாக வாப்பா சொன்னதை நம்பவேண்டும் போல இருந்தது.

முதல் வருஷத்துக் கவுன் அடியில் இருந்தது, அவள் போட்டுத் திரிந்தது. கீழ் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு விரல் மடிப்பு அப்படியே இருந்தது, பிரித்து இறக்க அவளுக்கு நாள் வரவில்லை. அடுத்த வருஷத்துக் கவுனை எடுத்தேன். ஓரம் பிசிறு வராமல் இருக்க ஒரு சின்னச் சுருட்டு மட்டும் சுருட்டித் தைத்திருந்தது. அதற்கடுத்ததை எடுத்தேன், அதற்கும் அடுத்ததை எடுத்தேன், கடைசியாக வந்ததையும் எடுத்தேன். எல்லாம் அதே சுருட்டுத்தான். அதே நான்கு வருஷமும் எனக்கு வந்த கவுன்களில் மடிப்பு நான்கு விரலுக்குக் குறைந்ததில்லை.

அவள் போன பிறகு வந்த சின்னக் கவுன் நான்கையும் மடியில் போட்டுக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வளர்வதற்கென்று ஒன்றில்கூட அவர் துணி விடவில்லை.