இடது நாலு கோடு

இது நடந்தது. என் பெயர் ஹைரம். வயது இருபத்து மூன்று. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், மார்மன் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, காபிகூடக் கிடையாது. ஆகவே போதையில் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறான் என்று சொல்லும் வசதி உங்களுக்கு இல்லை.

நானூறு கஜத்துக்குள் நின்று மானைச் சுடுகிறவனை நான் வேட்டைக்காரன் என்று ஏற்றுக்கொள்வதில்லை. கசாப்புக்காரன் என்றும் சொல்ல மாட்டேன். கசாப்புக்காரர் விடிகாலையில் எழுந்து உழைக்கிறார். என் அப்பா லவார் பழைய முறைக்காரர். மானுக்கு இருநூறு கஜம் கிட்டே வரை வயிற்றால் ஊர்ந்து போய், ஒரே குண்டில் முடித்துவிட்டு வருவார். அதற்குப் பெயர் வேட்டை இல்லை, மானை நேரில் கண்டு நலம் விசாரிப்பது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எழுநூறு, எண்ணூறு கஜத்தில் சுடுவதுதான் வேட்டை. அதில் துப்பாக்கி பாதி, காற்று பாதி. காற்றைப் படிப்பதில் எங்கள் மாவட்டத்தில் எனக்கு நிகராக யாரும் இல்லை. இது தற்பெருமை அல்ல, தகவல்.

இன்னொரு தகவல்: பொறாமை என்ற குணம் என்னிடம் அறவே கிடையாது.

லோன் சீடர் மலையில் மான் சுட வருடத்துக்கு ஒன்பது பேருக்குத்தான் பெர்மிட். குலுக்கலில் விழ வேண்டும். நான் பதிமூன்று வயதிலிருந்து விண்ணப்பிக்கிறேன். ஒன்பது வருடமாக ஒன்றும் விழவில்லை. போன வருடம் ரூலன் விளையாட்டாக, முதல் முறையாக விண்ணப்பித்தான். விழுந்துவிட்டது.

ரூலன் பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. அப்போது ஐந்து மாதமாக என் அக்கா மார்லிக்குக் கணவனும்கூட. அப்பா அவனுக்குக் கல்யாணப் பரிசாக நெடுந்தூரத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதே மாதம் வந்த என் பிறந்தநாளுக்குத் துப்பாக்கி துடைக்கும் துணி வந்தது. நல்ல துணி. எதைத் துடைக்க வேண்டும் என்றும் அப்பாவே சொன்னார்.

பெர்மிட் விழுந்த செய்தி வந்த அன்று, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து காற்றுச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார். சுடுகிறவன் கண்ணை மானை விட்டு எடுக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவன் தொலைநோக்கியில் புல், பனி, புழுதி எல்லாம் பார்த்து, துப்பாக்கி மேல் குறிபார்க்கப் பொருத்திய ஸ்கோப்புக்குள் இருக்கும் கோடுகளில் எத்தனை கோடு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று சொல்வான். சொன்னதை அவன் கேள்வி கேட்காமல் நம்புவான். அந்த நம்பிக்கையில்தான் குண்டு போகும்.

நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். முகம் அப்படித்தான் இருந்தது.

அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை. 6:41க்கு மலை விளிம்பில் படுத்துவிட்டோம். புல்லெல்லாம் உறைபனி, வெள்ளை வெளேரென்று. ரூலன் பாயை விரித்துத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்தான். நான் அவனுக்கு வலப்பக்கம், ஆறடி தள்ளி, கொஞ்சம் பின்னால். தொலைநோக்கியில் ரூலனின் போன் மாட்டியிருந்தது. மாமாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வீடியோ காட்ட வேண்டுமாம்.

அவனுக்கு இடப்பக்கம் வெறும் புல். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

7:18. எதிர்ச் சரிவில் மான் வந்து நின்றது. கொம்பு, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தது போல் இருந்தது. தூரம் 742 கஜம். ஒன்பது வருடம் நான் கனவில் சுட்ட மான் அதுதான். அது ரூலனுக்காக வந்து நின்றது. போஸ் வேறு கொடுத்தது.

காற்றைப் பார்த்தேன். பள்ளத்தில் மூடுபனி இடமிருந்து வலமாக நகர்ந்தது. மானின் மூச்சும் ஆவியாகி அதே பக்கம் போனது. இடது நாலு கோடு. சந்தேகமே இல்லை.

மான் வலப்பக்கம் பார்த்து நின்றது. நாலுக்குப் பதில் ஒன்று என்று சொன்னால், குண்டு அதன் மார்புக்கு முன்னால் வெறும் காற்றில் போகும். மானுக்குக் கீறல்கூட விழாது. ஓடிவிடும். ரூலன் வெறுங்கையோடு இறங்குவான். என் கெட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது பாருங்கள்.

"காத்து?" என்றான் ரூலன்.

"ஒண்ணு," என்றேன். "இடது ஒண்ணு."

அவன் "ம்" என்றான்.

பிறகு ஏனோ தலையைத் தூக்கினான். என் பக்கம் ஒரு முறை திரும்பினான். என் கண் தொலைநோக்கியில் இருந்தது, ஓரக்கண்ணில்தான் தெரிந்தது. மறுபடி குனிந்தான். பாயோடு ஒரு சாண் வலப்பக்கமாக நகர்ந்தான்.

மேடுபள்ளமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நொடி, நான் வாயே திறக்கவில்லை...

ரூலன் இன்னொரு முறை "ம்" என்றான்.

7:26. சுட்டான்.

ஒரு நொடி... இரண்டு... மூன்று...

தப்.

குண்டு உடம்பில் பட்ட சத்தம். மான் நின்ற இடத்திலேயே சரிந்தது.

காற்று மாறியிருக்குமா? பார்த்தேன். மூடுபனி அதே பக்கம், அதே வேகம். ஒரு கோடு பிடித்திருந்தால் பட்டிருக்கவே முடியாது.

ரூலன் சிரித்தபடி திரும்பினான். முதலில் இடப்பக்கம். சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"நாலுன்னு கரெக்டா சொன்ன மச்சான்."

"ம்," என்றேன்.

வேறு என்ன சொல்ல? நான் ஒன்று என்றுதான் சொன்னேன், உன்னைக் கெடுக்கத்தான் சொன்னேன் என்றா?

வழக்கப்படி அரை மணிக்கு மேல் காத்திருந்தோம். 7:52க்கு வெயில் எங்கள் மேல் விழுந்தது. 8:12க்கு எழுந்தோம். சுற்றிலும் உறைபனி உருகிப் புல் பச்சையாக நனைந்திருந்தது.

ரூலனின் பாய்க்கு இடப்பக்கம் தவிர.

அங்கே வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு ஆள் நீளம். முன்னால் இரண்டு முழங்கை ஊன்றிய இடம்.

நிழல் விழுந்திருக்கும் என்று பார்த்தேன்.

நிழல் விழ அங்கே எதுவுமே இல்லை...

ரூலன் பார்க்கவில்லை. அதற்குள் சரிவில் இறங்கிவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அந்தப் பனியைவிட வீடியோதான் பெரிய பயம். போன் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் "ஒண்ணு" என்றது அதில் தெளிவாகப் பதிந்திருக்கும். அக்கா கேட்பாள். அப்பா கேட்பார். போனைக் கொடு, வெட்டி ஒட்டி அழகாக்கித் தருகிறேன் என்று வழியெல்லாம் கேட்டேன். உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்து அப்பா வீட்டில் சாப்பாடு. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. அப்பா டிவியில் வீடியோவைப் போடச் சொன்னார்.

மான் நின்றது. ரூலனின் குரல்: "காத்து?"

இதோ. இப்போது. என் குரல் வரும்...

வரவில்லை.

நான் "ஒண்ணு" என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு குரல்.

"தள்ளிப் படு."

பிறகு, "நாலு. இடது நாலு."

வெடி. தப்.

அது என் குரல். அக்காவுக்குச் சந்தேகமில்லை. அப்பாவுக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"காத்த நல்லாப் படிச்சிருக்கடா. எனக்கே இவ்வளவு சுத்தமா வராது."

பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. என் தோளில்தான் கை இருந்தது. ஆனால் பாராட்டு எனக்கில்லை. என் குரலை எடுத்துக்கொண்டு, என் எண்ணை எடுத்துக்கொண்டு, நான் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போன எதற்கோ அது போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வயிறு எரிந்தது. ரூலன் மேல்கூட அப்படி எரிந்ததில்லை.

பயம் பாத்திரம் கழுவும்போது வந்தது. ரூலன் கழுவினான், நான் துடைத்தேன்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்," என்றான் மெதுவாக. "எதுக்கு எந்திரிச்சு என் இடது பக்கம் வந்து படுத்த?"

துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

"தள்ளிப் படுன்னு காதுகிட்ட சொன்ன. உன் தோள் பட்டுச்சு. ஐஸ் கணக்கா இருந்த. உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"நான் எடத்த விட்டு நகரல."

"வெளையாடாதடா."

"நகரலடா."

அவன் குழாயை மூடினான். என்னைப் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ வலது பக்கம் திரும்பினேன்ல. தொலைநோக்கி நின்னுச்சு. போன் மாட்டியிருந்துச்சு."

"சரி..."

"அங்க யாரும் இல்ல மச்சான்."

அன்று 7:26க்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. நான் "ஒண்ணு" என்று சொன்னதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான், உங்களிடம்.

இந்த வருடம் சாதாரணப் பகுதியில் எனக்குப் பெர்மிட் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைப்பதுதான். ரூலன் காற்றுச் சொல்ல வந்தான். 7:31க்கு மான் வந்தது. தூரம் 655 கஜம். ரூலன் வலப்பக்கம், தொலைநோக்கிக்குப் பின்னால். திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இடப்பக்கம் நான் பார்க்கவில்லை.

"காத்து எடமிருந்து வருது," என்று ஆரம்பித்தான். "கோடு..."

"சொல்லாத," என்றேன்.

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

துப்பாக்கியை முழங்கையில் ஏந்திக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து, சரிவில் இறங்க ஆரம்பித்தேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மானுக்கு நூற்று எண்பது கஜம் கிட்டே வரை போனேன்.

அந்தத் தூரத்துக்குக் காற்றை யாரும் சொல்ல வேண்டியதில்லை.