தண்ணீர் இரண்டு முறை விழுந்த வருடம்

1. எண்பதுகளின் பிற்பகுதி. தென்காசியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மிஷின் புதிதாக வந்திருந்தது. ஒரு மாசி மாதக் காலையில், குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார்.

2. அவர் சொன்ன கணக்குப்படி பிரசவ நாள் தாண்டிவிட்டது. முதல் பிள்ளை இப்படித்தான் நாள் தாண்டி இறந்து பிறந்தது.

3. டாக்டரம்மா மறுநாள் ஆபரேஷன் என்றார். அதற்குமுன் ஸ்கேன்; அதை எடுப்பது என் வேலை.

4. குழந்தையின் தலைக் குறுக்களவும் தொடை எலும்பும் அவர் கணக்கைவிட ஐந்து வாரம் குறைவாகக் காட்டின.

இதுவரை வரிசையாக எழுதிவிட்டேன்; ஐந்தாவதாக எதை எழுதுவது என்று தெரியவில்லை. நாள் கணக்கு தப்பென்றால், நாளை எடுக்கப்போவது மூச்சுவிடத் தயாராகாத பிள்ளையை. கணக்கு சரியென்றால் பிள்ளை வளராமல் நின்றுவிட்டது; காத்திருந்தால் இதுவும் போய்விடும். ஊட்டம் போதாத பிள்ளைக்கு முதலில் வயிறு ஒடுங்கும். இதற்கு ஒடுங்கவில்லை. ஆனாலும் கடைசி மாதங்களில் எடுக்கும் அளவு இரண்டு மூன்று வாரம் முன்பின் இருக்கும். மறுபடி அளந்தேன். அதே அளவு. எழுந்து திரையை இழுத்துவிட்டு வந்து, மறுபடியும் அளந்தேன்.

ஜெல் தீர்ந்து, தேங்காயெண்ணெய் தடவியிருந்தேன்.

"எண்ணெய் போடுததுன்னா நானே போட்டிருப்பேன்லா," என்றார் வாசலில் நின்ற கணவர்.

நான் அவளுடைய சீட்டைக் கையில் எடுத்தேன்.

"கடைசியா எப்போம்மா தூரமானே?" என்று அவளிடம் கேட்டேன்.

"அருவியில தண்ணி விழுந்த அன்னைக்குக்கா."

"தண்ணி ஆனியிலதானே விழும்? சீட்டுல சித்திரைன்னு இருக்கே?"

"நாந்தான் சொன்னேன்," என்றார் அவர். "கோடை மழைக்கே ஒருக்கா விழுந்துச்சுல்லா. எண்ணெய்க் குப்பியத் தூக்கிட்டு ஓடுனேனே."

"ஓடி என்ன, ஒரு முதுகுகூடத் தேய்க்காம வந்திய."

"ஏட்டி, அன்னைக்குத்தான நீ தள்ளி உக்காந்திருந்தே?"

"நான் தள்ளி உக்காந்திருக்கையில நீங்க மங்குஸ்தான் வாங்கியாந்து நடையில வச்சிய. சித்திரையில ஏது மங்குஸ்தான்?"

மங்குஸ்தான் பழம் ஆனிச் சாரலோடு வருவது. ஆனியிலிருந்து எண்ணினால் கணக்கு அளவோடு ஒத்துவந்தது.

டாக்டரம்மாவிடம் போனேன்.

"உன் டி.வி. பெட்டியையும் ஒரு பழத்தையும் நம்பி நான் சும்மா இருக்கணுமா?"

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளக்கிறேன் டாக்டர். வளருதான்னு தெரிஞ்சிடும்."

சீட்டை வாங்கி மறுபடி பார்த்தார். "இங்கேயே படுக்கட்டும். தினமும் துடிப்பைக் கேளு. ஒரு நாள் குறைஞ்சாலும் ஆபரேஷன்தான்."

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வார்டுக்குப் போவேன். ஒரு மாலை வீட்டுக்குப் பஸ் ஏறியவள், கிளம்புமுன் இறங்கித் திரும்பிவந்தேன். "தூங்கவிட மாட்டியளாக்கா?" என்றாள் அவள். அவளும் தூங்கியிருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் தலையும் எலும்பும் வளர்ந்திருந்தன. பங்குனியில் தானாக வலி வந்தது. பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது.

தாயும் மகளும் குற்றாலத்தில் நன்றாக இருக்கிறார்கள்.