பனிக்கட்டி ஊருக்குப் போன தாய்மாமன்

வைத்திலிங்கத்துக்குத் தன் மச்சான் இளவரசு மீது ஏழு வருடமாக ஒரு கடுப்பு. மகள் வெண்மதிக்குக் காது குத்தத் திருவந்திபுரம் கோயிலில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை சொந்தக்காரர்களை அழைத்து முடித்த பிறகு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் விமானம் ஏறிவிட்டான். குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமாம். போனவன் துபாய், சிங்கப்பூர் என்று மனிதர்கள் போகிற இடத்துக்குப் போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கனடாவில், அதுவும் வடகோடியில், மரம்கூட முளைக்க யோசிக்கிற ஒரு பனிக்கட்டி ஊருக்குப் போனான்.

பந்திக்குச் சொன்ன சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை. வந்தவர்கள் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, குத்தாத காதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“ஒன் பெரியப்பா மவன் செந்தமிழ்செல்வன் இருக்கான் இல்ல? அவனும் தாய்மாமன் மொறதானே? அவன் மடியில வெச்சிக் குத்திடலாம்” என்று வைத்திலிங்கம் மனைவி பவானியிடம் அன்றைக்கே சொன்னார்.

“எந்தம்பி உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடி எதுக்கு?” என்றாள் பவானி. “அவ்ளோ அவசரம்னா ஆசாரி சும்மாதான் ஒக்காந்திருக்காரு. நீங்க போயிக் குத்திக்கிங்க.”

பவானி ஒன்று சொன்னால் சொன்னதுதான். வைத்திலிங்கம் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அன்றிலிருந்து வண்டிதான். துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குகிற அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், வீட்டைத் தவிர.

இளவரசு சிதம்பரத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். குளிர் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. மார்கழித் திருவாதிரைக்கு ஊரே வெறும் உடம்போடு தேர் இழுக்கும்; இவன் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக ஓரத்தில் நின்று கும்பிடுவான். ஏ.சி.யைச் சரி பண்ணிவிட்டு, “நல்லா வருதான்னு நீங்களே கைய வெச்சிப் பாருங்க” என்று வீட்டுக்காரர்களை நிறுத்திவிட்டு வெயிலில் போய் நின்றுகொள்வான். இப்படிப்பட்டவனுக்கு, அந்த ஊரில் இருக்கிற ஒரே கடையின் ஃப்ரீசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

“ஏன்டா, ஊரே ஐஸாக் கெடக்குது. அங்க ஃப்ரீசர் எதுக்கு?” என்று வைத்திலிங்கம் ஃபோனில் கேட்டார்.

“வெளிய மைனஸ் நாப்பது மாமா. ஃப்ரீசருக்குள்ள மைனஸ் இருவதுதான். ரொம்பக் குளுந்தா உள்ள போயி நின்னுக்குவேன்.”

மொத்தமே நானூறு பேர் இருக்கிற ஊர். ரோடு கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குட்டி விமானம் வரும். காற்று விட்டால் வரும். மார்கழி முழுக்கச் சூரியன் தலைகாட்டாது. பொங்கலன்று பார்த்துப் பொங்கல் வைக்க அங்கே சூரியன் இல்லாததால், இளவரசு அக்காவைக் கூப்பிடுவான். நமக்குக் காலை என்றால் அவனுக்கு முந்தின நாள் சாயங்காலம். இங்கே பவானி மாடியில் ஃபோனைக் கிழக்கே திருப்பிப் பிடிக்க, அங்கே அவன் மின்சார அடுப்பில் குக்கரை வைத்து, ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டு, “பொங்கலோ பொங்கல்” என்று ஒற்றை ஆளாகக் கத்துவான். பக்கத்து வீட்டுக் கிழவர் என்னவோ ஏதோ என்று ஒரு வருடம் ஓடி வந்தாராம். அடுத்த வருடத்திலிருந்து தட்டோடு வந்தாராம்.

அந்த நேரம் பார்த்து வைத்திலிங்கம் ஃபோனுக்குள் மூஞ்சியை நுழைப்பார். “எப்படா வர? பொண்ணு காது அப்படியே கெடக்குதுடா!”

“சூரியன மறைக்காதீங்க மாமா, பால் பொங்குது!”

வருடா வருடம் இதே கதைதான். முதல் தடவை டிக்கெட் போட்டான். பனிப்புயல் அடித்து விமானம் வரவில்லை. “காத்தடிச்சா வராதாமே? கடலூரையே பொரட்டிப் போட்ட தானே புயல்ல நான் லோடு எறக்கிட்டு வந்தவன்டா” என்றார் வைத்திலிங்கம். இரண்டாம் தடவை விமானம் வந்தது, இவன் ஏறவில்லை. கேட்டதற்கு, “லீவு இல்ல மாமா” என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் வைத்திலிங்கம் அவனிடம் பேசும்போது ‘டா’வோடு வேறு சில வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்குள் வெண்மதி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுக் கம்மல் போட்டுக்கொண்டு போவாள். ஒருநாள் ஒரு கம்மல் சுவேதா என்கிற பெண்ணின் தயிர் சாதத்தில் விழுந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்தவள் பையை வீசிவிட்டு, மாமாவுக்கு வீடியோ போடச் சொன்னாள்.

“மாமா, இந்தத் தை மாசம் நீ வரல, பியூட்டி பார்லருக்குப் போயித் துப்பாக்கியால குத்திக்குவேன். ஒன் மடியும் வேணாம், ஒன் சீரும் வேணாம்.”

ஏழு வருடம் வைத்திலிங்கம் கத்தி நடக்காதது அந்த ஒரு பேச்சில் நடந்தது. தை மாதம் இளவரசு வந்து இறங்கினான். சென்னை விமான நிலையத்துக்கு வைத்திலிங்கம் லோடு வண்டியிலேயே போயிருந்தார். மீன் நாற்றம் அடிக்குமே என்று கண்ணாடியை இறக்கினார்.

“ஏத்துங்க மாமா. வாசன போயிடப் போவுது” என்று இளவரசு மூக்கை விரித்து இழுத்தான். மரக்காணம் தாண்டுகிற வரை இழுத்துக்கொண்டே வந்தான்.

திருவந்திபுரத்தில் மறுபடி அதே சொந்தக்காரர்கள், அதே வடை பாயசம். “இந்த வாட்டி காதும் உண்டா, சாப்பாடு மட்டுந்தானா?” என்று செந்தமிழ்செல்வன் கேட்டுவிட்டுப் பந்தியில் முதலில் உட்கார்ந்தான். இளவரசு பட்டு வேட்டியில் வியர்த்து ஒழுக உட்கார, வெண்மதி அவன் மடியில் ஏறினாள். கால் தரையைத் தொட்டது. ஒரு வயதுக் குழந்தைக்கென்று ஏற்பட்ட மடி. எட்டு வயதுப் பெண் அதில் பலாப்பழம் மாதிரி உருண்டாள்.

“வலிச்சா என் கைய நல்லாக் கிள்ளு” என்றான் இளவரசு.

ஆசாரி ஊசியை எடுத்தார். வெண்மதி பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினாள். ஒரு காது முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவள் அழவில்லை. மாமாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“மாமா, இவ்ளோ நேரம் கிள்றேன். ஒனக்கு வலிக்கவே இல்லியா?”

“ஐயோ, வலிக்கிது, வலிக்கிது” என்றான் அவன், ரொம்பத் தாமதமாக.

வைத்திலிங்கம் பார்த்தார். அந்தக் கையில் இரண்டு விரல்களின் நுனி வதங்கின கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பந்தி நடக்கும்போது மச்சானைக் கெடிலம் ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“வெரலுக்கு இன்னாடா ஆச்சி?”

“அது ஒண்ணுமில்ல மாமா.”

“ஒண்ணுமில்லன்னா ஆத்துல தள்ளுவேன்.”

ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. ஆனாலும் இளவரசு சொன்னான். “ரெண்டாந்தடவ டிக்கெட் போட்டேன் இல்ல? அன்னிக்குப் பாத்துப் பள்ளிக்கூடத்துல சூடு குடுக்கற பாய்லரு நின்னுபோச்சி. புள்ளைங்கல்லாம் உள்ள. ஊர்ல வேற மெக்கானிக்கு இல்ல. வெளிய கொழாயில ஒரு ஸ்குரு, இத்துனூண்டு. கிளவுசோட புடிக்க முடியல. கிளவுசக் கழட்டிட்டேன். குளுரு வெரலக் கடிச்சிடுச்சி.”

“பிளேனு?”

“அது தலைக்கு மேலதான் போச்சி. அண்ணாந்து பாத்தேன்.”

“இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?”

“சொன்னா அக்கா அழும், நீங்க திட்டுவீங்க. உங்க திட்டு எப்படியும் உண்டு. அக்கா அழுவயாவது மிச்சம்னுதான். இப்பவும் அதுகிட்ட சொல்லிடாதீங்க.”

வைத்திலிங்கம் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஏழு வருடம் சேர்த்து வைத்திருந்ததற்குப் பதில் வந்தது இதுதான். “போ, போயி சோத்தத் தின்னு. பாயசம் தீந்துடப் போவுது” என்று முதுகில் ஒன்று வைத்தார்.

லீவு முடிந்து மறுபடி அதே லோடு வண்டியில் விமான நிலையம். உள்ளே போனவன், காவலுக்கு நின்றவரிடம் ஏதோ கெஞ்சிவிட்டு வாசல் வரை திரும்பி வந்தான்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு.”

“மொளவாத்தூளா? பையிலதான் இருக்குது.”

“அதில்ல. மார்கழி பொறந்தா, காலைல லோடு ஏத்த தொறமொவத்துக்குப் போறீங்க இல்ல, அப்ப கடல்லேந்து சூரியன் வர்றதக் கொஞ்ச நேரம் வீடியோவுல காட்டுங்க. தெனமும். அதான் காது குத்தியாச்சே, இனிமே அதுல உங்க மூஞ்சி மட்டும் வராமப் பாத்துக்குங்க.”