ஜும்மாவுக்கு முன் வந்த அழைப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. மாத்தளை டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் காலையிலிருந்தே நெய்ச்சோறு வாசம் மூக்கைத் துளைத்தது. அன்று என் தங்கையின் கணவரை விருந்துக்கு அழைத்திருந்தேன்.

தங்கை அப்போது சில மாதங்களாக எங்களோடுதான் இருந்தாள். மச்சானுக்கு வர வரக் கோபம் தலைக்கேறி, ஒருநாள் அவளுடைய கையை முறித்துவிட்டார். நான் போய் அவளைக் கூட்டி வந்தேன். பிறகு அவர் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் போய்வருகிறார் என்று கேள்விப்பட்டதும், மனுஷன் திருந்திவிட்டார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். சண்டை போட்டவர்களை ஒரே ஸஹனில் உட்கார வைத்துவிடுவோம். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட்டால் மனஸ்தாபம் போய்விடும் என்று நம்பிக்கை. "ஜும்மா முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க மச்சான், ஒண்டா சாப்பிடுவோம்" என்று ஃபோனில் சொன்னேன். அவரும் சரி என்றார். தங்கைதான் "வேணாம் நானா, எனக்கு பயமா ஈக்கிது" என்றாள். நான் அண்ணன் அல்லவா, எனக்குத் தெரியாதா! "சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் நேரத்தில் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். தேயிலைத் தோட்டப் பக்கத்துத் தமிழில் ஒரு பெண் பேசினார்.

"ஆஸ்பத்திரியிலயிருந்து கவுன்சிலர் பேசுறேங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரரு என் பக்கத்துலதான் இருக்காரு. அவருக்குச் சொல்லிட்டுத்தான் உங்களுக்கு எடுக்கிறேன். உங்க தங்கச்சி உசிருக்கு ஆபத்து இருக்குங்க. இப்பவே அவங்கள வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பொலிஸுக்கும் சொல்லியாச்சு. டாக்டரு வந்துக்கிட்டிருக்காரு, ஆனா அதுக்குள்ள இவரு எழும்பிப் போனா என்னால புடிச்சு வைக்க முடியாது."

பயத்தை விடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "அப்படி என்ன மிஸ் சொன்னாரு? எல்லாத்தையும் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"உங்க தங்கச்சியக் காப்பாத்தத் தேவையானத சொல்லிட்டேங்க. மத்தது அவரு என்னை நம்பிச் சொன்னது. அதக் கேக்காதீங்க."

அந்தப் பக்கம் யாரோ விம்மி விம்மி அழுவது கேட்டது. அது மச்சானின் குரல்.

அன்று நான் ஜும்மாவுக்குப் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தங்கையை த்ரீவீலரில் ஏற்றி நாவுலயில் இருக்கும் மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். "நான் அப்பவே சொன்னேனே" என்று வழியில் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். மச்சானை வார்டில் சேர்த்திருந்தார்கள். கவுன்சிலர் மிஸ்ஸுக்கு என் தங்கையின் வயதுதான் இருக்கும். "என் தங்கச்சி விஷயம் எனக்குத் தெரிய வேணாமா?" என்று மேசையில் தட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. தங்கை நன்றாகத் தூங்குகிறாளா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, பொலிஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மச்சான் சொன்னதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு வியப்பாகிவிட்டது. எங்கள் தெருவில் இப்படியொரு விஷயம் ஒருவர் காதில் விழுந்திருந்தால், சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊரே பேசியிருக்கும். அதில் பாதியை நானே பரப்பியிருப்பேன்!

பிறகு முஸ்லிம் கல்யாண வழக்குகளைப் பார்க்கும் காழி நீதிமன்றத்தில் பேசி, இருவரும் பிரிந்தார்கள். வெகுநாள் கழித்து மச்சானை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். மெலிந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. கிளினிக் போய்விட்டு வருவதாகச் சொன்னார்.

"இன்னும் அதே மிஸ்கிட்டயா? அவங்கதானே உங்களக் காட்டிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்!

அவர் தலையை ஆட்டினார். "இல்ல மச்சான். முதல் நாளே சொன்னாங்க, இங்க பேசுறது இங்கயேதான் இருக்கும், ஒரு உசிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உங்களுக்குத் தெரியாம செய்ய மாட்டேன்னு. அப்படியேதான் செஞ்சாங்க. அன்னைக்கு உங்க வீட்டுக்கு வரக் கிளம்பினவன்தான் நான். எனக்கே என்னைப் பயமா இருந்திச்சு. அத வாய்விட்டுச் சொல்ல ஏலுமான இடம் அந்த ரூம் மட்டும்தான்னு தோணிச்சு. அதான் பாதியில இறங்கி அங்க போனேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்த மிஸ் வாய் திறக்கவில்லை என்றுதானே நான் மேசையில் தட்டினேன், அவர் வாய் திறக்க மாட்டார் என்பதை நம்பித்தான் மச்சான் அங்கே போயிருக்கிறார்.

இன்றும் தங்கை குசினியிலிருந்து "நானா, டீ ஆறுது" என்று கூப்பிடும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். அந்த அறையில் அன்று என்ன பேசப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் இந்தக் குரலை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.